மூன்றாவது நாற்காலி

மாலை டூட்டிக்கு வந்தவன் பையைக் கீழே வைப்பதற்கு முன்பே அதைக் கவனித்துவிட்டான். மூன்றாவது நாற்காலியின் இருக்கை அமுங்கியிருந்தது. வந்த நாளிலிருந்து பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படாத நாற்காலி அது. அதில் யாரும் உட்கார்வதில்லை, உட்கார ஆளும் இல்லை. ஆனால் உறையின் நடுவில், இப்போதுதான் யாரோ எழுந்து போன மாதிரி ஒரு பள்ளம். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தப் பள்ளம் மெல்ல மேலே எழும்ப, பிளாஸ்டிக் சரசரவென்று தனக்குள் முனகிக்கொண்டு பழையபடி சமமானது. பினாயில் வாடை, வேகவைத்த துணியின் வாடை, யாருடைய டம்ளரிலோ புளித்துப்போன பாலின் வாடை. எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தன.

"யாருக்கா இதுல உக்காந்தது?"

"நான் என் நாற்காலியிலயே உக்காந்து ரெண்டு வருஷம் ஆச்சு. இதுல வேற போய் உக்காரப் போறேனாக்கும்," என்றாள் ரேடியோ அக்கா. அந்த வார்டின் மூத்த நர்ஸ். பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது என்பதால் அந்தப் பெயர். அணைக்கும் பொத்தான் எங்கே இருக்கிறது என்று அவளுடைய கணவருக்கே தெரியாதாம்.

அவனை வார்டில் எல்லோரும் தம்பி என்றுதான் கூப்பிட்டார்கள். ஆண்கள் வார்டின் ஒரே ஆண் நர்ஸ்.

அந்த நாற்காலி வந்த கதை எல்லோருக்கும் தெரியும். இந்த வார்டுக்கு ஒரு டூட்டிக்கு மூன்று நர்ஸ்கள் வேண்டும் என்பது விதி. இருந்தது இரண்டு பேர். மேட்ரன் பல வருடங்களாகக் கேட்டுக் கேட்டு, கடைசியில் அலுவலகம் ஒப்புக்கொண்டது. இரண்டு கட்டமாகச் செய்வதாகச் சொன்னது. முதல் கட்டமாக நாற்காலி வந்தது. அடுத்த கட்டம் பரிசீலனையில் இருந்தது. சோதனைக்கு வந்த அதிகாரிகள் நர்ஸ் மேஜையில் மூன்று நாற்காலிகள் இருப்பதைப் பார்த்துவிட்டு, தேநீர் குடித்துவிட்டு, திருப்தியாகப் போனார்கள்.

அன்றிலிருந்துதான் ரேடியோ அக்கா அந்த விளையாட்டை ஆரம்பித்தாள். டூட்டி மாறும்போது படுக்கைகளைப் பங்கு பிரித்து வாயால் ஒப்படைப்பது வழக்கம். வாங்கிக்கொண்டவருக்கே அந்த நோயாளிகள் பொறுப்பு. கொடுத்தவருக்கு அதோடு தீர்ந்தது. அவள் வார்டை மூன்றாகப் பிரித்தாள். வாசல் பக்கம் தனக்கு. ஜன்னல் பக்கம் தம்பிக்கு. கடைசிச் சுவரோரம் நாற்காலிக்கு. நாற்காலியைப் பார்த்துக் கை கட்டி நின்று, "சிஸ்டர், கண்டக்டர் ஐயாவ புரட்டிப் படுக்க வைக்கணும், கோணவாய்த் தாத்தாவுக்கு வாய் துடைக்கணும், முடிஞ்சா நகம் வெட்டணும். முடியாதுன்னா எங்கள மாதிரியே விட்டுடுங்க," என்பாள். அவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பான். சுவரோரத்துக்காரர்களுக்கு மருந்தையும் ஊசியையும் இருவரும் ஓடிப்போய்க் கொடுத்துவிடுவார்கள். மற்றதெல்லாம் நாற்காலியின் பாடு.

எதை முதலில் விடுவது என்று நர்ஸிங் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. வார்டு தானாகக் கற்றுக்கொடுத்துவிடும். முதலில் போவது பேச்சு. தூங்கினீர்களா, வலி எப்படி இருக்கிறது என்பதெல்லாம் முதல் வாரத்திலேயே போய்விடும். அடுத்தது தலை வாருவது. பிறகு வாய் துடைப்பது. பிறகு, அசைய முடியாதவர்களைப் புரட்டிப் படுக்க வைப்பது. மருந்து மட்டும் மிஞ்சும். அதை விட்டால் டாக்டருக்குத் தெரிந்துவிடும். விட்ட வேலைகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே சொல் வைத்திருந்தார்கள்: இதோ வர்றேன். மணி அடித்தால் இதோ வர்றேன். கையைப் பிடித்தால் இதோ வர்றேன். சொல்பவனும் நம்பாத, கேட்பவனும் நம்பாத, ஆனால் இரண்டு பேருக்கும் அப்போதைக்குப் போதுமான சொல்.

எவ்வளவு ஆள் பற்றாக்குறையிலும் விடாமல் செய்தது ஒரே ஒரு வேலையைத்தான். யாராவது இறந்துபோனால் உடம்பைத் துடைத்து, வாய் திறந்துகொள்ளாதபடி தாடையைத் துணியால் சேர்த்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டு, கால் கட்டைவிரல்கள் இரண்டையும் இணைத்துக் கட்டி, கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்துவது. அதற்கு மட்டும் திரையை இழுத்துவிட்டு, நிதானமாக நின்று செய்வார்கள். அத்தனை நாள் கிடைக்காத கவனிப்பு அன்றைக்குக் கிடைக்கும். அதற்குப் பிறகு அந்தப் படுக்கையில் வேலையே இல்லை என்பதாலோ என்னவோ, கை தானாக நிதானமாகிவிடும்.

அவனுடைய அப்பா சுவரோரத்தில், கடைசிப் படுக்கையில் இருந்தார்.

தையல்காரர். பக்கவாதத்தில் இடது கையும் காலும் விழுந்துவிட்டன, வாய் விழவில்லை. வந்த அன்று அந்தப் படுக்கைதான் காலியாக இருந்தது. "உங்கப்பாவ உன் பங்குக்கு மாத்திக்கடா, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்," என்று ரேடியோ அக்கா சொன்னாள். அவன்தான் மறுத்தான். சொந்த அப்பாவை மட்டும் நன்றாகப் பார்த்துக்கொள்கிறான் என்று பக்கத்துப் படுக்கையின் மகனோ மருமகனோ சொல்லிவிடக் கூடாது. நேர்மையாக இருந்து காட்ட அவன் கைவசம் இருந்தது அப்பா ஒருவர்தான்.

பள்ளம் விழுந்த நாற்காலியைப் பார்த்த அன்று, வேலைகளுக்கு நடுவே எப்படியோ கொஞ்சம் நேரம் கிடைத்து, சுவரோரத்துக்குப் போனான். கண்டக்டர் புரட்டிப் படுக்க வைக்கப்பட்டிருந்தார். முதுகில் பவுடர். தலை வகிடு எடுத்து வாரியிருந்தது. ஓய்வுபெற்ற பேருந்து நடத்துனர் அவர். மணி அடிக்க மாட்டார், உதட்டைக் குவித்து விசிலடிப்பார். ஒரு விசில் என்றால் தண்ணீர். இரண்டு என்றால் பெட்பேன். நீளமாக ஊதினால் கோபம்.

"யாரு செஞ்சது இதெல்லாம்?"

"அந்தம்மாதான். மூணாவதா ஒருத்தங்க வர்றாங்களே. நடந்தா பஸ்ல பிளாஸ்டிக் பிரிக்காத புது சீட்டு மாதிரி சத்தம் வருது."

"முகம் எப்படி இருந்துச்சு?"

"முகத்த எங்க பாக்கறது, குனிஞ்சே வேலை செய்றாங்க. நீங்க மட்டும் என்னைக்கு எங்க முகத்த பாத்திருக்கீங்க, நாங்க உங்க முகத்த பாக்க?"

அப்பாவுக்கு நகம் வெட்டியிருந்தது. கோணவாய்த் தாத்தாவின் உதட்டில் ஈரப் பஞ்சின் மினுமினுப்பு. அவன் மேஜைக்கு ஓடிவந்து ரேடியோ அக்காவிடம் சொன்னான். அவள் கண்ணைச் சுருக்கி நாற்காலியைப் பார்த்தாள்.

"சம்பளம் கேட்டாளா?" என்றாள்.

"இல்ல."

"லீவு?"

"அக்கா..."

"அப்புறம் உனக்கு என்னடா? வேலை நடந்தா சரி. கண்டுக்காத."

கண்டுகொள்ளவில்லை. களைத்துப்போனவர்களுக்குப் பயப்படவும் நேரம் கிடைப்பதில்லை. அவர்கள் தினமும் ஒப்படைத்தார்கள். இப்போது சிரிக்காமல் ஒப்படைத்தார்கள். சுவரோரத்தில் ஒருவருக்கும் படுக்கைப் புண் இல்லை. சொல்லப்போனால் வார்டிலேயே அங்கேதான் கவனிப்பு நன்றாக இருந்தது. ஜன்னல் பக்கத்து நோயாளி ஒருவர் தன்னை அங்கே மாற்றும்படி சிபாரிசு பிடித்தார்.

அந்த மாதம் மேட்ரன் வந்து பாராட்டினாள். கூடவே வேலைப்பளுவைக் குறைப்பது பற்றிய வகுப்புக்கும் அனுப்பி வைத்தாள். வகுப்புக்குப் போன அரை நாளில் வார்டு வேலை இரட்டிப்பானது. அங்கே கொடுத்த வாசகப் பலகையைச் சட்டம் போட்டு மேஜைக்கு மேலே மாட்டினார்கள்: 'எந்த வேலையைச் செய்தால் மற்ற வேலைகள் தேவைப்படாதோ, அதை முதலில் செய்க.' பலகை சரியாக மூன்றாவது நாற்காலிக்கு எதிரே இருந்தது.

அடுத்த வாரம் மேட்ரன் மறுபடி வந்தாள். இந்த முறை முகத்தைப் பார்த்துப் பேசவில்லை.

"நீங்க நல்லா சமாளிக்கிறீங்கன்னு மேல சொல்லிட்டேன்ப்பா. அதுதான் தப்பாப் போச்சு. ரெண்டு பேரு எதுக்குன்னு கேக்குறாங்க."

"மேடம், நாங்க சமாளிக்கல. அது வந்து..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். என்னவென்று சொல்வது? நாற்காலி சமாளிக்கிறது என்றா? சொல்லியிருந்தால் அலுவலகம் இன்னும் நாலு நாற்காலி வாங்கியிருக்கும்.

ரேடியோ அக்காவைப் பிரசவ வார்டுக்கு மாற்றினார்கள். போகும்போது பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவன் காதருகே குனிந்தாள். "அவகிட்ட அளவா குடுடா. நம்மள மாதிரிதான் அவளும். சுமை ஏறினா எதையாவது விட ஆரம்பிப்பா."

தனியாக எப்படி அளவாகக் கொடுப்பது? வாசல் பக்கத்தை அவன் எடுத்துக்கொண்டான். சுவரோரத்தோடு ஜன்னல் பக்கமும் நாற்காலிக்குப் போனது. சில நாட்களில் அவள் விட ஆரம்பித்தாள். டம்ளரில் பாதித் தண்ணீர். ஒரு கையில் மட்டும் வெட்டிய நகம். சட்டையில் பொத்தான் பாதி போட்டு, பாதி போடாமல். ஒரு மாலையில் ஜன்னல் பக்கம் மணி அடித்தது. அவன் வாயைத் திறப்பதற்குள் திரைக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

"இதோ வர்றேன்."

அவனுடைய குரல். அதே அலுப்பு, அதே இழுப்பு, முடிவில் அதே பொய். திரையை விலக்கிப் பார்த்தபோது யாரும் இல்லை. நோயாளி காலியான மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பவே சொன்னீங்க. இன்னும் வரலையே," என்றார் கோபமாக.

அதன் பிறகு அந்தக் குரல் எல்லாத் திக்கிலிருந்தும் வந்தது. கழிவறைப் பக்கம், துணி அலமாரிப் பக்கம், படுக்கைகளுக்குக் கீழே. மணி அடிக்கும், இதோ வர்றேன். மணி அடிக்கும், இதோ வர்றேன். நோயாளிகள் அவனைத் திட்டினார்கள். அவன் மேட்ரனுக்குப் போன் செய்து ஆள் கேட்டான். பரிசீலனையில் இருக்கிறது என்றாள். கத்தினான். அவளும் பதிலுக்குக் கத்தினாள். பிறகு இரண்டு பேரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்கள். ஆள் வரவில்லை.

பிறகு ஒரு மாலை மழை இருட்டிக்கொண்டு வந்தது. பார்வை நேரம் முடிந்து உறவினர்களை வெளியே அனுப்பியாயிற்று. வார்டின் குழல்விளக்குகளில் ஒன்று துடித்துக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு மருந்து கொடுக்கப் போனபோது, அவர் நல்ல கையால் அவன் சட்டையைப் பிடித்தார்.

"மத்தியானத்துலேர்ந்து துணி கிழியிற சத்தம் கேக்குதுடா."

"மழைப்பா."

"நாப்பது வருஷமா துணி கிழிச்சவன்கிட்ட மழைங்கிற. நேரா, ஒரே அகலத்துல, நாடா நாடாவா கிழிக்கிறா. பழகின கை. அந்தத் துணி ரூம்ல." அவருடைய குரல் இறங்கியது. "இனிமே அவகிட்ட என்னைக் குடுக்காத. நீ பாரு. வேளைக்கு ஒரு தரம் வந்தாலும் போதும். நீயே பாரு."

நேர்மையெல்லாம் அந்தப் பிடியில் கழன்று விழுந்தது. யார் என்ன சொன்னால் என்ன. "சரிப்பா. இனிமே நீ என் பங்கு. வாசல்கிட்ட இழுத்துட்டுப் போறேன், கட்டிலோட."

"எப்ப?"

வாசல் பக்கம் யாரோ ஓங்கரித்தார்கள்.

"இதோ வர்றேன்ப்பா."

சொன்ன பிறகுதான் தன் காதில் விழுந்தது. அப்பா கையை விட்டார்.

வாசல் பக்கத்து நோயாளி ரத்த வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். படுக்கை, தரை, அவனுடைய செருப்பு, எங்கும் ரத்தம். டாக்டர் போனில் சொன்னார்: உடனே தீவிர சிகிச்சைக்கு ஏற்று, கூட ஒரு நர்ஸ் போகணும். வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டுக் கீழ்த்தளத்துக்குப் போன் செய்தான். இதோ வர்றோம் என்றார்கள். அட்டெண்டர் டிராலியோடு வந்துவிட்டான். ஆள் வரவில்லை. நோயாளியின் உதடு வெளுத்துக்கொண்டிருந்தது. வார்டு முழுக்க மணிகள். ஒன்று நின்றால் இரண்டு. கண்டக்டரின் நீளமான விசில்.

டிராலியைத் தள்ளிக்கொண்டே திரும்பினான். நாற்காலியின் பிளாஸ்டிக் அமுங்கியிருந்தது. அவள் உட்கார்ந்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். அவன் கத்தினான்.

"எல்லாரையும் பாத்துக்கங்க! எல்லா பெட்டும்! எல்லாத்தையும் செய்ய முடியாதுன்னா, அதோ எழுதி மாட்டியிருக்கே, அதையாவது செய்ங்க!"

பிளாஸ்டிக் சரசரத்தது.

லிப்டில் ஏறிய பிறகுதான் எல்லா பெட்டும் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. எல்லா பெட்டும். கதவு மூடிவிட்டது.

மேலே படுக்கை இல்லை என்றார்கள். பிறகு இருக்கிறது என்றார்கள். பிறகு, இருக்கிறது ஆனால் துடைக்க ஆள் இல்லை என்றார்கள். அவனே துடைத்தான். நோயாளியை ஏற்றிப் படுக்க வைத்து, ஒப்படைத்துவிட்டு, லிப்டுக்குக் காத்திருக்காமல் படிகளில் ஓடினான்.

வார்டு வாசலில் நின்றான்.

மணி இல்லை.

ஒரு மணிகூட இல்லை. இருமல் இல்லை. முனகல் இல்லை. இரண்டு வருடங்களில் முதல் முறையாக அந்த வார்டில் யாருக்கும் எதுவும் தேவைப்படவில்லை. துடிக்கும் குழல்விளக்கின் ரீங்காரம் மட்டும். ரத்தம் துடைக்கப்பட்டிருந்தது. டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. கட்டில்கள் நூல் பிடித்த மாதிரி நேராக நின்றன.

நாற்காலி காலி. பள்ளம் மெதுவாக மேலெழுந்துகொண்டிருந்தது.

விளக்கு அணைந்து எரிந்தது.

கழுத்துவரை வெள்ளைத் துணி. எல்லாப் படுக்கையிலும். ஒரே மடிப்பு. ஒரே உயரம். தாடையைச் சுற்றித் துணி நாடா. உச்சந்தலையில் முடிச்சு. கால்மாட்டில், துணிக்கு வெளியே, சேர்த்துக் கட்டிய கட்டைவிரல்கள்.

எந்த வேலையைச் செய்தால் மற்ற வேலைகள் தேவைப்படாதோ.

முதல் படுக்கையைத் தொட்டான். சூடாக இருந்தது. கண்கள் திறந்திருந்தன. அவனைப் பார்த்து உருண்டன.

அடுத்த படுக்கை. அதுவும்.

எல்லாக் கண்களும். எல்லாருமே உயிரோடு. ஒன்றும் கேட்க முடியாமல்.

சுவரோரத்திலிருந்து மெலிதாக ஒரு சத்தம். துணிக்கு அடியிலிருந்து, மூக்கு வழியாக, பாதியில் அறுந்து அறுந்து வரும் விசில். கண்டக்டர். அவருக்கு வாயோடு மூக்கையும் சேர்த்துச் சுற்றியிருந்தது. அவசரத்தில் சுற்றிய மாதிரி. சுமை ஏறிய கை. முகம் நீலம் பாய்ந்துகொண்டிருந்தது. அவன் பாய்ந்து முடிச்சில் விரலை விட்டான். பிடி கிடைக்கவில்லை. அவனே போடும் முடிச்சு. இடப்பக்கமாக ஒரு சுற்று கூடுதலாக. கல்லூரியிலிருந்தே அவனுக்கு மட்டும் வரும் பிழை.

கடைசிப் படுக்கையைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.

உள்ளே பிளாஸ்டிக் சரசரப்பு. துணி கிழியும் சத்தம். நேராக.

மணி அடித்தது. வார்டிலேயே ஒரே ஒரு மணி. எந்தப் படுக்கை கூப்பிடுகிறது என்று காட்டும் பலகையில் ஒரே ஒரு சிவப்பு விளக்கு. கடைசிப் படுக்கை. நல்ல கை, விடாமல் அழுத்துகிறது.

"அப்பா!"

கண்டக்டரின் நகங்கள் அவன் மணிக்கட்டில் இறங்கின. கண்கள் மேலே செருகின. முடிச்சு பாதி அவிழ்ந்திருந்தது. இன்னும் கொஞ்சம்தான். விட்டால் போய்விடுவார். கொஞ்சம்தான். வாய் தானாகத் திறந்தது. இரண்டு வருடப் பழக்கம்.

"இதோ வர்றேன்!"

திரைக்குப் பின்னாலிருந்து, அவனுடைய குரலில், ஆனால் அலுப்பே இல்லாமல், கனிவாக, பதில் வந்தது.

"இதோ வந்துட்டேன்."

மணி நின்றது.

திரையின் அடியிலிருந்து ஒரு துணிச்சுருள் உருண்டு வந்தது. ஈரத்தரையில் நாடாவாக விரிந்துகொண்டே வந்து, அவனுடைய செருப்பில் முட்டி நின்றது. பிறகு அந்த நாடா மெல்ல விறைத்தது. மறுமுனையில் யாரோ அதைத் தங்கள் பக்கமாக இழுத்து எடுத்துக்கொண்டிருந்தார்கள், சுற்றுச் சுற்றாக, அவசரமே இல்லாமல்.